ஓய்வுநாளும் கூண்டு வண்டியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை.

கிறிஸ்தவப் புனைகதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவின் மேற்குக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றி அங்குள்ள கிறிஸ்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் வரலாற்று நாவல்களைக் குறிப்பிட்டு, "இவற்றில் எல்லோரும் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் விசுவாசத்துக்கு அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை வருத்தியது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இத்தகைய நாவல்களை எனக்கு வாங்கிவருவாள். என் கணவர் காலமான பிறகு நான் வாசிக்க முடிந்தவை இவை மட்டும்தான். கணவனை வழியில் புதைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வண்டியை ஓட்டிச் செல்லும் ஒரு பெண், இரவில் நெருப்பின் அருகே அமர்ந்து 121ஆம் சங்கீதத்தை வாசிக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அப்படி அழவைத்த ஒன்றை வேலையற்றது என்று எப்படிச் சொல்வது?

என் கேள்விகள் இவை. அந்த மக்கள் உண்மையிலேயே இவ்வளவு பக்தியுடன் இருந்தார்களா, அல்லது அது பிற்கால எழுத்தாளர்கள் ஏற்றிச் சொன்னதா? நல்ல கிறிஸ்தவ நாவல் இந்தக் களத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? "அந்த நிலம் ஏற்கெனவே வேறு மக்களுடையதுதானே அம்மா?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள், அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியாக ஒன்று. இந்தக் களத்தை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அது பொருத்தமற்ற ஆசையா?

அன்புடன்,
எஸ்.,
பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

துக்க காலத்தில் ஒரு புத்தகம் உங்களுக்குத் துணையாக இருந்தது என்றால், அந்தத் துணையை எந்த விமர்சகரும் கேள்வி கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வரியை அந்த மக்களின் விசுவாசத்தைக் குறைவாக எண்ணி நான் எழுதவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் தென்படும் விசுவாசம் இந்த நாவல்கள் காட்டுவதைவிட மிகக் கடினமானது, விலை கொடுத்துப் பெற்றது. அதை நாவலாசிரியர்கள் எளிதாக்கிவிட்டார்கள் என்ற ஆதங்கத்தில்தான் எழுதினேன்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை, ஆம், பெரும்பாலோர் உண்மையிலேயே பக்தியுடன் இருந்தார்கள் என்பதே. 1840க்கும் 1860க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஓரிகன், கலிபோர்னியா, யூட்டா ஆகிய பகுதிகளுக்கு லட்சக்கணக்கானோர் கூண்டு வண்டிகளில் சென்றார்கள். ஓரிகனுக்கான பாதை மட்டும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். இதைக் கடக்க நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆயின. மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் ஏற்றியபின் வண்டியில் மிஞ்சும் இடத்தில்தான் மற்றதெல்லாம் என்ற நிலையிலும், குடும்ப வேதாகமத்துக்கு அதில் இடம் இருந்தது. பாரம் தாங்காமல் எருதுகள் சோர்ந்தபோது மேசையையும் அலமாரியையும் இரும்பு அடுப்பையும் வழியில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். இந்த மக்களைப் பற்றி எழுதும்போது ஜெபத்தை அறவே நீக்கிவிட்டு, துப்பாக்கியையும் தங்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதப்படும் நாவல்களும் உண்டு. அவை உண்மைக்கு இன்னும் தொலைவில் நிற்கின்றன. அந்த வகையில், கிறிஸ்தவப் பதிப்பகங்களின் நாவல்கள் ஒரு பெரிய உண்மையைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விசுவாசத்துக்கு வேலை என்று நான் சொன்னது எதை என்பதை ஓய்வுநாளை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அந்தப் பயணத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஏழு நாளுக்கு ஒருமுறை எதிர்கொண்டே தீர வேண்டியிருந்த கேள்வி அது. கணக்கு இப்படி. வசந்தத்தில் புல் முளைத்த பிறகே புறப்பட முடியும், ஏனென்றால் எருதுகளுக்கு அதுவே தீவனம். ஜூலை 4ஆம் தேதிக்குள் இன்றைய வயோமிங் மாநிலத்தில் உள்ள இன்டிபெண்டன்ஸ் பாறையை எட்டிவிட வேண்டும். பனி விழுமுன் கடைசி மலைத்தொடரைத் தாண்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோமீட்டர்தான் நகர முடியும். இந்த நிலையில் ஞாயிறுதோறும் நின்றால் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய 20 நாட்கள் போய்விடும். அந்த 20 நாட்கள் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டவை. 1846இல் டானர் குழுவினர் குறுக்குவழி என்று நம்பிச் சென்று வாரக்கணக்கில் நாட்களை இழந்தார்கள். சியரா நெவாடா மலைக் கணவாயை நெருங்கும்போது பனி முந்திக்கொண்டது. 87 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார்கள்.

எனவே, புறப்படும்போது ஓய்வுநாளை ஆசரிப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்ட குழுக்கள் பல, பாதையின் முதல் பகுதியில் வரும் பிளாட் ஆற்றங்கரையிலேயே அதைப் பற்றிச் சண்டையிடத் தொடங்கின. நின்றே தீர வேண்டும் என்றோர் பிரிந்து பின்தங்கினார்கள். போயே தீர வேண்டும் என்றோர் முன்னே போனார்கள். வாரத்தில் ஒரு நாள் இளைப்பாறிய எருதுகளே கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். நின்ற இடங்களிலும் அது எல்லோருக்கும் ஓய்வாக இருந்ததில்லை. வண்டி நின்றால் ஆண்கள் சக்கரங்களைப் பழுதுபார்த்தார்கள். வறண்ட காற்றில் மரம் சுருங்கி, வட்டையிலிருந்து இரும்புப் பட்டா கழன்றுவிடும்; ஆப்பு அடித்தோ, இரவு முழுவதும் ஆற்றில் ஊறவைத்தோ அதை இறுக்க வேண்டும். பெண்களுக்கு அதுவே வாரத்துக்கான துணி துவைக்கும் நாள், ரொட்டி சுட்டு அடுக்கிவைக்கும் நாள். விறகற்ற சமவெளியில் காட்டெருமையின் காய்ந்த சாணத்தை இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியில் பொறுக்கிவந்து அடுப்பு மூட்ட வேண்டிய நாளும்கூட. ஆண்டவருடைய நாளைத் துவைப்பதில் கழித்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி அவர்களுடைய நாட்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

இதைவிட ஆழமான ஒரு காட்சி 1843இன் பெரும் பயணத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அந்த ஆண்டு ஒன்றாகச் சென்றார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் மருத்துவ மிஷனரியான மார்க்கஸ் விட்மன். அவர் ஓயாமல் சொன்ன ஆலோசனை, போய்க்கொண்டே இருங்கள், உங்களை முன்னே கொண்டுபோகாத எதுவும் ஞானமல்ல, ஒரு கணம் தாமதப்படுத்துவது எதுவும் நல்லதல்ல என்பதுதான் என்று அந்தப் பயணத்தில் சென்ற ஜெஸ்ஸி ஆப்பிள்கேட் பின்னாளில் எழுதினார். ஊழியத்துக்காகவே தன் வாழ்க்கையை ஒப்புக்கொடுத்த ஒருவர் சொன்னது இது. அதே நினைவுக்குறிப்பில் இன்னொன்றும் வருகிறது. நகர்ந்துகொண்டிருக்கும் வரிசையிலிருந்து ஒரு வண்டி விலகி ஓரமாக நிற்கிறது, கூடாரம் அடிக்கப்படுகிறது, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வரிசை முழுவதையும் நிற்கவிடாத அதே மருத்துவர் அங்கே இருக்கிறார். தாமதம் தீது என்று போதித்தவர் ஒரு பிரசவத்துக்காகத் தாமதித்தார். அந்த இரண்டையும் ஒரே மனிதருக்குள் வைத்து எழுதும் நாவலாசிரியருக்கு, விசுவாசத்தைப் பற்றி ஒரு வசனம்கூடப் பேசவைக்க வேண்டிய தேவை வராது.

நான் வாசித்த நாவல்களில் ஞாயிறு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பாசறையில் எல்லோரும் கூடுவார்கள், யாரோ ஒருவர் பிடில் வாசிப்பார், போதகர் ஒரு சிறு பிரசங்கம் செய்வார், நம்பிக்கை இழந்த அந்த வாட்டசாட்டமான வழிகாட்டி தொலைவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அத்தியாயம் முடியும்போது அவருடைய மனம் சற்று இளகியிருக்கும். எருதுகளைப் பற்றியோ பனியைப் பற்றியோ எவருக்கும் கவலை இல்லை. நிற்பதால் எதையும் இழக்காதவர்கள் நிற்பதை எப்படி விசுவாசம் என்று சொல்வது?

கல்லறைகளிலும் இதே குறைதான். 1849 முதல் 1852 வரையிலான ஆண்டுகளில் பிளாட் ஆற்றுவழியில் காலரா வந்தது. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்துபோனார். வண்டியின் பலகையைப் பிடுங்கிப் பெட்டி செய்தவர்கள் உண்டு. போர்வையில் சுற்றிப் புதைத்தவர்கள் அதைவிட அதிகம். ஓநாய்கள் தோண்டிவிடாமல் இருக்க, வண்டித்தடத்திலேயே குழி வெட்டி, மூடியபின் எல்லா வண்டிகளையும் அதன்மேல் ஓட்டிச் சென்றார்கள். தன் பிள்ளையின் குழிமேல் தன் வண்டியே ஏறிப் போவதை ஒரு தாய் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தேடி அவள் என்றைக்கும் திரும்பி வர முடியாது. உங்கள் 121ஆம் சங்கீதம் தரும் ஆறுதல் உண்மையானது. அதே சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதமும் இருக்கிறது. அது ஆறுதலோ பதிலோ இன்றி, சிநேகிதனும் தோழனும் விலக்கப்பட்ட தனிமையில் முடிந்துபோகிறது. வேதாகமம் அதை நீக்கவில்லை. அப்படியிருக்க, கிறிஸ்தவ நாவல் மட்டும் ஏன் எல்லா ஜெபத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்குள் பதில் தந்துவிட வேண்டும்?

இரண்டு பெண்களின் நாட்குறிப்புகளை உங்களுக்குச் சொல்கிறேன். 1853இல் ஐயோவாவிலிருந்து கணவரோடும் ஏழு பிள்ளைகளோடும் புறப்பட்ட அமெலியா நைட், ஏறத்தாழ எல்லா நாளும் எழுதினார். மழை, சேறு, செத்த மாடுகள், காய்ச்சல். ஒரு நாள் தன் மகள் லூசியை ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டதை, பின்னால் வந்த வேறொரு குழு அவளைக் கூட்டிவந்து சேர்த்த பிறகே அறிகிறார்கள். வண்டிகள் ஆற்றைக் கடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு கரையின் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அவள் வேறு வண்டியில் இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். அந்த நாட்குறிப்பின் இறுதியில்தான் அமெலியா எட்டாவது குழந்தையைப் பெற்றார் என்பது தெரியவருகிறது. பயணம் முழுவதும் கர்ப்பமாக நடந்திருக்கிறார். அதைப் பற்றி முன்னால் ஒரு வரி நேராக எழுதவில்லை. அக்காலப் பெண்ணின் நாணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். எதுவாயினும், அந்த மௌனத்துக்குள் எவ்வளவு ஜெபம் இருந்திருக்கும் என்பதை நாவலாசிரியர் கற்பனை செய்ய வேண்டும். நாவல்களின் கதாநாயகிகளோ தங்கள் மனத்தைப் பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டே போகிறார்கள்.

இன்னொருவர் 1847இல் சென்ற எலிசபெத் ஸ்மித். அவர் நேரில் கண்டதாக எழுதியதை வாசித்தபோது நான் அதிர்ந்துபோனேன். ஒரு காலை, ஒரு குடும்பத்துப் பெண் மேலே போக மறுத்துவிட்டாள், பிள்ளைகளையும் விடவில்லை. கணவர் மூன்று மணி நேரம் கெஞ்சியும் அசையவில்லை. மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவள் எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். பிறகு குறுக்கே வந்து கணவரைப் பிடித்தாள். குதிரையைக் கொண்டுவரப் பின்னால் அனுப்பப்பட்டிருந்த மகனைப் பார்த்தாயா என்று அவர் கேட்டதற்கு, கல்லால் அடித்து அவன் மண்டையை உடைத்துவிட்டேன் என்றாள். அவர் பதறி ஓடியதும், சரக்கு ஏற்றியிருந்த ஒரு வண்டிக்குத் தீ வைத்தாள். கூண்டின் துணி எரிந்தது. கணவர் ஓடிவந்து அணைத்தார், அவளை அடித்தார். எலிசபெத் இதைத் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறார்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு வேதாகமம் இருந்திருக்கலாம். அவளுக்காக ஜெபித்தவர்கள் அந்தக் குழுவில் இருந்திருப்பார்கள். அவளைத் தன்னுள் சேர்த்துக்கொள்ள முடிகிற நாவலைத்தான் நான் நல்ல கிறிஸ்தவ நாவல் என்று சொல்வேன். அவளைத் திருத்தி, அழவைத்து, மன்னிப்புக் கேட்கவைத்து முடிக்காமல், அவள் என்னவாக இருந்தாளோ அப்படியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விசுவாசம் ஒரு செயலாக நின்ற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டானர் குழுவில் பேட்ரிக் பிரீன் என்ற ஐரிஷ் கத்தோலிக்கர் இருந்தார். பனியில் புதைந்த குடிசையில், பைன் மரச் சிறு குச்சிகளைப் பிளந்து கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் ஜெபங்களை வாசித்தார். அவர்களுடைய குடிசையில் தங்க நேர்ந்த வர்ஜீனியா ரீட் என்ற பதின்மூன்று வயதுப் பெண், உயிர் பிழைத்தால் கத்தோலிக்கராவேன் என்று பொருத்தனை செய்துகொண்டாள். பிழைத்தாள், பொருத்தனையை நிறைவேற்றினாள். 1847 மே மாதம் தன் உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாவற்றையும் இழந்தாலும் உயிரோடு வந்துசேர்ந்தோம் என்று எழுதிவிட்டு, குறுக்குவழி எதையும் பிடிக்காமல் சீக்கிரம் வந்து சேருங்கள் என்று அறிவுரை கூறினாள். அதே குளிர்காலத்தில், உணவோடு உதவிக்கு வந்த லூயிஸ், சால்வடார் என்ற இரண்டு மிவோக் பழங்குடியினரைப் பசியில் தவித்தவர்கள் சுட்டு உண்டார்கள். பிரீனின் ஜெபத்தை எழுதுபவர் இதை எழுதாமல் விட்டால், அந்த ஜெபத்தின் எடையையும் குறைத்துவிடுகிறார் என்றே எண்ணுகிறேன்.

இது உங்கள் மகளின் கேள்விக்கு என்னைக் கொண்டுவருகிறது. ஆம், அந்த நிலம் பிறருடையது. 1850இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய நிலக்கொடைச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதிக்குள் ஓரிகனில் குடியேறியிருந்த வெள்ளையர் தம்பதிக்கு 640 ஏக்கர் கிடைத்தது; அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக நிலம் கிடைத்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. நாவல்கள் அதைச் சரியாகவே கொண்டாடுகின்றன. ஆனால் அந்த நிலத்தின் உரிமையை அங்கு வாழ்ந்த மக்கள் அப்போது எழுதிக்கொடுத்திருக்கவில்லை. கறுப்பின மக்கள் அங்கே குடியேறுவதை 1844லேயே சட்டத்தால் தடுத்திருந்தார்கள். நாவல்களில் தவறாமல் வரும் செவ்விந்தியத் தாக்குதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1840 முதல் 1860 வரை பாதையில் பழங்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர் என்று வரலாற்றாய்வாளர் ஜான் அன்ரூ கணக்கிட்டார். காலராவோடும் ஆறுகளோடும் வண்டிச் சக்கரங்களோடும் ஒப்பிட்டால் முதல் எண்ணிக்கை மிகச் சிறியது. பல இடங்களில் ஆற்றைக் கடக்க உதவியவர்களும் மீனும் கிழங்கும் விற்றவர்களும் பழங்குடியினரே.

விட்மன் குடும்பத்தின் கதைதான் இதில் என்னை விடாமல் தொடர்வது. நர்சிசா பிரென்டிஸ் மிஷனரியாகப் போக விரும்பியவர். மணமாகாத பெண்ணை மிஷன் ஏற்காது என்ற நிலையில் 1836 பிப்ரவரியில் மார்க்கஸ் விட்மனை மணந்து உடனே புறப்பட்டார். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று அவரும் உடன்சென்ற மிஷனரியின் மனைவி எலைசா ஸ்பால்டிங்கும் சவுத் பாஸ் கணவாயைக் கடந்தார்கள். ராக்கி மலைகளைத் தாண்டிச் சென்ற முதல் வெள்ளையினப் பெண்கள் அவர்களே. வாய்லட்பு என்ற இடத்தில், கையூஸ் என்ற பழங்குடி மக்களிடையே, விட்மன் தம்பதியின் ஊழியம் தொடங்கியது. 1839இல் அவர்களுடைய ஒரே குழந்தை ஆலிஸ் கிளாரிசா, இரண்டு வயதில், வீட்டருகே ஓடிய ஆற்றில் மூழ்கி இறந்தது. அதன்பின் நர்சிசாவின் கடிதங்கள் மாறுகின்றன. 1844இல் பாதையில் தாயையும் தகப்பனையும் இழந்த சேகர் குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேரை அவர்கள் ஏற்று வளர்த்தார்கள். அவர்களுள் ஒருத்தியான கேத்தரின், வண்டியிலிருந்து குதிக்கும்போது உடை சிக்கிச் சக்கரத்தின் கீழ் விழுந்து கால் முறிந்தவள். கடைசிக் கைக்குழந்தை வழியிலேயே பிறந்தது. இந்தத் தாய்மையை எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் எவருக்காகப் போனார்களோ அந்தக் கையூஸ் மக்களோடு நர்சிசாவால் நெருங்க முடியவில்லை என்பதும் அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. அவர்கள் தம் வீட்டுக்குள் வருவது அவருக்குச் சுமையாக இருந்தது.

1847இல் தட்டம்மை பரவியது. கையூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். அவர்கள் உடலில் அந்நோய்க்கு எதிர்ப்பு இல்லை. அதே மருத்துவர் சிகிச்சையளித்த வெள்ளையினக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். நோயாளி இறந்தால் வைத்தியர் உயிரால் பதில் சொல்ல வேண்டும் என்பது கையூஸ் மக்களுடைய வழக்கம். அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று விட்மன் தம்பதியும் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். சேகர் குடும்பத்தின் மூத்த மகன்கள் இருவரும் அவர்களுள் அடக்கம். 1850 ஜூன் 3 அன்று அந்தக் கொலைகளுக்காக, சரணடைந்த கையூஸ் ஆண்கள் ஐவர் ஓரிகன் சிட்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏன் சரணடைந்தீர்கள் என்று கேட்டபோது அவர்களுள் ஒருவரான டிலௌகைக்ட், தம் ஜனத்தை மீட்கக் கிறிஸ்து மரித்தார் என்று உங்கள் மிஷனரிகள் எங்களுக்குக் கற்பிக்கவில்லையா, நாங்களும் எங்கள் ஜனத்துக்காக மரிக்கிறோம் என்று விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. பதினொரு ஆண்டுகள் நடந்த அந்த ஊழியத்தில் பேசப்பட்ட பிரசங்கங்களை இந்த விடை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் உரையாடலுக்கு இன்னும் நெருக்கமானது. விட்மனின் சக மிஷனரி ஹென்றி ஸ்பால்டிங், 1842இன் குளிர்காலத்தில் விட்மன் கிழக்கே குதிரையில் சென்றது ஓரிகனைப் பிரிட்டனிடமிருந்து காப்பாற்றுவதற்காகவே என்று ஒரு கதையைப் பரப்பினார். மூடும்படி உத்தரவு வந்திருந்த தம் மிஷன் நிலையங்களைக் காப்பாற்றுவதே அந்தப் பயணத்தின் முதன்மையான நோக்கம். ஆனால் பக்தியும் தேசப்பற்றும் கலந்த ஸ்பால்டிங்கின் கதையைப் பள்ளிப் பாடப்புத்தகங்கள்கூட ஏற்றுக்கொண்டன. 1900ஆம் ஆண்டளவில் எட்வர்ட் போர்ன் என்ற வரலாற்றாய்வாளர் அதற்கு ஆதாரம் இல்லை என்று நிறுவினார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் சார்பில் நின்ற விட்மன் சிலையை மாற்றி, மீன்பிடி உரிமைக்காகப் போராடிய நிஸ்குவாலி இனத்தவரான பில்லி ஃபிராங்க் ஜூனியரின் சிலையை நிறுவ 2021இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. மேற்குப் பயணத்தைப் பற்றிய கிறிஸ்தவ வரலாற்றுப் புனைவின் முதல் வெற்றி வரலாறு என்ற பெயரில் விற்கப்பட்ட இந்தக் கதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய நாவல்கள் குறைந்தபட்சம் தங்களை நாவல் என்று சொல்லிக்கொள்கின்றன.

உங்கள் மகளிடம், அந்த நிலம் பிறருடையதுதான், அதை மறைக்காத நாவலாக இருந்தால் கூச்சமின்றி வாசிக்கலாம் என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பால்டிங் ஊழியம் செய்த நெஸ்பெர்ஸ் மக்களிடையே பிரெஸ்பிட்டேரியன் சபைகள் வேரூன்றின, இன்றும் இருக்கின்றன. 1839இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற நெஸ்பெர்ஸ் தலைவர் மூத்த ஜோசப், 1863 ஒப்பந்தத்தால் தம் வாலோவா பள்ளத்தாக்கு பறிபோனதை அறிந்து தம் வேதப் பிரதியைக் கிழித்தெறிந்ததாகச் சொல்லப்படுகிறது. விசுவாசம் நிலைத்த கதையும், விசுவாசம் காயப்பட்ட கதையும் ஒரே இனத்துக்குள் இருக்கின்றன. கூண்டு வண்டியில் வந்த குடும்பத்தை மட்டும் கிறிஸ்தவக் குடும்பமாகக் கருதும்வரை இந்த நாவல்களால் இவர்களைக் காண முடியாது. அந்தக் குடும்பங்கள் தங்களை இஸ்ரவேலராகவும் ஓரிகனைக் கடவுள் அவர்களுக்கு வாக்களித்த கானானாகவும் கண்டார்கள். யாத்திராகமத்தை அப்படிச் சொந்தமாக்கிக்கொள்பவர், கானானில் ஏற்கெனவே குடியிருந்தோரையும் கூடவே வாசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் எழுதும் ஆசை பொருத்தமற்றதா என்று கேட்டிருந்தீர்கள். சற்றும் இல்லை. நமக்கு அந்தக் கதைக்குள் ஒரு நேரடி வாசல் உண்டு. விட்மன் தம்பதியை ஓரிகனுக்கு அனுப்பிய பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் மிஷன் சங்கமே, 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் மிஷனரிகளை அனுப்பியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியதும் அதுவே. அந்தச் சங்கத்தின் 'மிஷனரி ஹெரால்டு' இதழில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அறிக்கைகளும் ஓரிகனிலிருந்து வந்த அறிக்கைகளும் வெளியாகின. வட்டுக்கோட்டையிலும் மதுரையிலும் பணியாற்றிய டேனியல் பூர் 1855இல் மானிப்பாயில் காலராவால்தான் இறந்தார். இங்கே வந்தவர்களின் பின்னால் நிலம் தேடும் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை, அங்கே வந்தார்கள். ஒரே மிஷன், ஒரே வேதம், ஒரே தலைமுறை இருந்தும் விளைவு ஏன் இவ்வளவு வேறுபட்டது என்ற கேள்வியை ஓர் அமெரிக்க நாவலாசிரியரைவிடத் தமிழில் எழுதுபவர் கூர்மையாகக் கேட்க முடியும். பாளையங்கோட்டையில் வளர்ந்த உங்களுக்கு மிஷனரிகளின் நன்மையையும் அவர்களுடைய எல்லையையும் வீட்டுப் பேச்சாகவே கேட்ட பழக்கம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

நாவலைத் தொடங்கும் முன் மூலங்களை வாசியுங்கள். நர்சிசா விட்மன் 1836இல் வழியிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதங்களில் தொடங்கி, 1839க்குப் பிந்தைய கடிதங்கள்வரை வரிசையாகப் போங்கள். ஒரு பெண்ணின் குரல் மெல்ல மாறுவதை அங்கே காண்பீர்கள். அடுத்து கேத்தரின் சேகர் பின்னாளில் எழுதிய நினைவுகள். பிறகு அமெலியா நைட்டின் நாட்குறிப்பு. இவையெல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையூஸ், நெஸ்பெர்ஸ் மக்கள் தாங்களே தங்கள் வரலாற்றைப் பற்றி எழுதியவற்றையும் அதே கவனத்தோடு வாசியுங்கள். உங்கள் மகளால் அவற்றை வாங்கி அனுப்ப முடியும். முதல் அத்தியாயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதிப் பாருங்கள். குழு போக வேண்டும் என்கிறது, ஒரு குடும்பம் நிற்க வேண்டும் என்கிறது, எருதுகளுக்குப் புல் குறைவு. எவரையும் ஜெபிக்கவைக்காமல் அந்த ஒரு பகலை எழுதி முடித்து எனக்கு அனுப்புங்கள், வாசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்